மச்சானுக்கு இருபது கேள்வி

மார்ச் 4

இரண்டு கட்டில், ஒரு புத்தக அலமாரி போனது. அலமாரியின் பின்பலகையைக் கரையான் அரித்திருந்ததை நானே காட்டித்தான் விற்றேன். குறையை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் வாங்க வந்தவர் மேற்கொண்டு நோண்டமாட்டார். மச்சான் கண்டுபிடித்த உத்தி.

மச்சான் என்றால் தங்கையின் கணவன். இந்தப் பழைய மரச்சாமான் கடையில் இருபத்திரண்டு வருடக் கூட்டாளி. ஏழு மாதமாக மருத்துவமனையில், மறுவாழ்வுப் பிரிவில் கிடக்கிறான். லாரியிலிருந்து மர பீரோவை இறக்கும்போது கால் வழுக்கி, தலை முதலில் தரைக்குப் போனது. பீரோவில் ஒரு கீறல்கூட இல்லை. அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இருபத்தாறு நாள் நினைவில்லை. பிறகு கண் திறந்தான். திறந்ததோடு சரி. பேச்சில்லை. வலது கையும் காலும் வரவில்லை. நாம் பேசுவது அவனுக்குப் புரிகிறதா என்பதே யாருக்கும் தெரியவில்லை. ஆள் உள்ளே இருக்கிறானா, இல்லையா? அதை மட்டும் யாராவது சொன்னால் போதும்.

மார்ச் 9

தங்கை ஒரு விளம்பரத் தாளோடு வந்தாள். "ஸ்டெம் செல்லாம் அண்ணே. மூளையில செத்துப்போன இடத்தையே புதுசா வளர்த்துடுமாம்."

போனோம். வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்ததுமே கணித்துவிட்டேன்: மேலே தோல் மாதிரி, உள்ளே அட்டை. டை கட்டிய ஒருவர் வந்தார். டாக்டர் இல்லையாம், 'ஆலோசகர்'.

"தொண்ணூறு சதவீதம் வெற்றி சார்."

"சந்தோஷம். மிச்சம் பத்துல ஒருத்தர் போன் நம்பர் கொடுங்க, பேசிப் பார்க்கிறேன்."

காப்பி வந்தது. மறுபடி கேட்டேன். பிஸ்கட் வந்தது. மூன்றாவது முறை கேட்டேன். "நெகட்டிவா யோசிக்கக் கூடாது சார்" என்று அறிவுரை வந்தது.

வெளியே வந்ததும் தங்கை அழுதாள். "உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?"

"அந்த ஆளு என்னை மாதிரியே பேசுறான்மா. அதான் பயமா இருக்கு."

மார்ச் 15

மச்சான் இருக்கும் மருத்துவமனையிலேயே ஸ்டெம் செல்லை வைத்து ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம். அவனுடைய இடுப்பெலும்புக்குள்ளிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலிருந்து செல்களைப் பிரித்து, முதுகுத்தண்டு வழியாக ஊசி போடுவார்கள். அந்தப் பிரிவின் டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

"குணமாகுமா டாக்டர்?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"இது இன்னும் நிரூபணமான வைத்தியம் இல்ல. சிலர் தேறியிருக்காங்க. அது ஊசியாலயா, பயிற்சியாலயா, தானாவேயான்னு எங்களுக்கே தெரியாது. காய்ச்சல் வரலாம். தலைவலி வரலாம். கிருமித் தொற்று வரலாம். ஒண்ணுமே நடக்காமலும் போகலாம்."

தன் சரக்கை இத்தனை குறை சொல்லும் ஆளை என் ஆயுளில் பார்த்ததில்லை. எங்கே கையெழுத்துப் போடணும் என்று அங்கேயே பேனாவை எடுத்துவிட்டேன்.

"நீங்க இல்ல சார். அவர் மனைவி போடணும். அதுவும் வீட்டுக்குப் போய் நல்லாப் படிச்சுப் பார்த்துட்டு."

மார்ச் 28

ஊசி போட்டாயிற்று. குழாயில் நீர்த்த வார்னிஷ் மாதிரி கொஞ்சம் திரவம். இதற்கா இவ்வளவு பாடு?

மார்ச் 29

கண் திறந்தான். மூடினான்.

ஏப்ரல் 2

லேசான காய்ச்சல் வந்து போனது. வேறொன்றும் இல்லை. "எப்போ தெரியும் டாக்டர்?" என்றேன். "தெரியாது" என்றார். இந்தப் பெண்மணி கடை வைத்தால் ஒரு ஸ்டூல்கூட விற்காது. ஆனால் நான் அங்கேதான் வாங்குவேன்.

ஏப்ரல் 17

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணை எல்லோரும் டீச்சர் என்கிறார்கள். மாதம் ஒருமுறை இருபது கேள்வி கேட்கிறார். ஆமாம் என்றால் மேலும் கீழும், இல்லை என்றால் பக்கவாட்டில் தலையாட்ட வேண்டும்.

"கல்லு தண்ணியில மிதக்குமா?"

ஆமாம் என்று ஆட்டினான்.

மொத்தம் ஒன்பது. "கேள்வியே கேட்காம தலையாட்டினாக்கூட பத்து வரும்" என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார். மரத்தைத் தட்டிப் பார்த்தே வயது சொன்னவன், கல் மிதக்கிறது என்கிறான்.

மே 16

இன்று ஒரு காரியம் செய்தேன். நல்லதா கெட்டதா, பிறகு யோசிக்கலாம்.

கடையில் எங்களுக்குள் ஒரு சைகை உண்டு. நான் வாடிக்கையாளரோடு பேரம் பேசும்போது மச்சான் அவருக்குப் பின்னால் நிற்பான். மூக்கைச் சொறிந்தால் 'ஒத்துக்கொள்'. காதைத் தொட்டால் 'ஒத்துக்கொள்ளாதே'. இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

டீச்சர் கேள்வித்தாளை எடுத்ததும் நான் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். திட்டம் எதுவும் இல்லை. கால் தானாகப் போனது. "இப்ப ராத்திரியா?" காதைத் தொட்டேன். மச்சான் என்னைப் பார்த்தான். இல்லை என்று ஆட்டினான். அப்புறம் என்ன, மூக்கு, காது, காது, மூக்கு என்று போனது வண்டி.

நடுவில் ஒரு கண்டம். தங்கையைக் காட்டி "இவங்க உங்க மனைவியா?" என்றார் டீச்சர். அந்த நேரம் பார்த்து ஒரு கொசு என் காதில் உட்கார்ந்தது. கை போய்விட்டது. தொலைந்தோம் என்று நினைத்தேன். மச்சான் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, ஆமாம் என்று ஆட்டினான். நல்ல நேரம், தப்பித்தோம்.

இருபதுக்கு இருபது! தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

மே 19

வினை.

டாக்டரம்மா கூப்பிட்டார். "பிரமாதமான முன்னேற்றம். பேச்சைப் புரிஞ்சுக்கிறது முழுசா வந்துடுச்சு. ஒண்ணாம் தேதியிலேர்ந்து டீச்சரோட நேரத்தைக் காத்திட்டிருக்கிற இன்னொரு நோயாளிக்குக் கொடுக்கலாம்னு இருக்கோம்."

நல்லது செய்கிறேன் பேர்வழி என்று மச்சானின் பயிற்சிக்கே உலை வைத்துவிட்டேன். ஆராய்ச்சி ஏட்டிலும் இருபதை ஏற்றிவிட்டார்களாம். தங்கையோ சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, "ஊசி வேலை செஞ்சிருச்சு!" என்கிறாள்.

மே 20

சொல்லாமல் இருந்தால் என்ன? வாயை மூடிக்கொண்டு, வெளியே ஒரு டீச்சரைப் பிடித்து — சே. தன் சரக்கைத் தானே குறை சொன்ன மனுஷியை நான் ஏமாற்றுவதா? நாளைக்குப் போய்ச் சொல்லிடணும். திட்டினா திட்டட்டும்.

மே 21

சொன்னேன். டீச்சர் எழுந்து நின்றுவிட்டார்.

"இது ஆராய்ச்சிங்க! உங்க கடை இல்ல! இந்த நம்பரை நம்பி நாளைக்கு இன்னொருத்தருக்கு ஊசி போடுவாங்க, தெரியுமா?"

தலையைக் குனிந்துகொண்டேன். என் வயதில் பாதிதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. அப்படி ஒரு வாங்கு வாங்கினார். மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியாகக் கேட்டார்:

"இருபதுக்கும் நீங்கதான் சொன்னீங்களா?"

"ஆமா. ஒண்ணு மட்டும் தப்பா போச்சு. மனைவியான்னு கேட்டீங்களே, அப்ப கொசு. காதைத் தொட்டுட்டேன்."

"அவர் ஆமான்னுதானே ஆட்டினார்?"

"ஆமா."

"அப்ப அதுக்குப் பதில் சொன்னது யாரு?"

அந்த முறைப்பு! தப்பான நேரத்தில் நான் விலையை உளறினால் முறைப்பானே, அதே முறைப்பு. அன்றைக்கு எப்படி எனக்கு உறைக்காமல் போயிற்று?

இருவரும் கட்டிலுக்கு ஓடினோம். டீச்சர் என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, மச்சானிடம் என்னைக் காட்டி, "உங்க மச்சான் தப்பு பண்ணிட்டார். மன்னிச்சு விட்டுடலாமா? கடைச் சைகையிலயே சொல்லுங்க" என்றார். மச்சான் என்னைப் பார்த்தான். பிறகு இடது கை போர்வையை விட்டு எழுந்தது. மெதுவாக மேலே வந்தது. மூக்குக்குப் போகும் என்று பார்த்தால், நேராகக் காதுக்குப் போனது.

டேய் மச்சான்! உள்ளதான் இருந்தியாடா இத்தனை நாளா!

மே 23

மதிப்பெண்ணை அடித்துவிட்டு, நடந்ததை ஏட்டில் எழுதிவிட்டார்கள். பயிற்சி நேரம் பறிபோகவில்லை. "வார்த்தை இன்னும் அவருக்குப் பாதிதான் போய்ச் சேருது. பழகின வழி திறந்திருக்கு. அது வழியாவே உள்ள போவோம்" என்கிறார் டீச்சர். பரீட்சை நேரத்தில் நான் அறைக்குள் வரக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். தங்கை என்னோடு பேசுவதில்லை.

மே 27

பேசினாள். "கொசுவுக்காவது நன்றி சொல்லுங்க" என்றாள்.

ஜூன் 30

சைகை காட்டும்போதே சொல்லையும் சொல்லவைக்கப் பார்க்கிறார் டீச்சர். காது, "வேணாம்." மூக்கு, "சரி." ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. எனக்கே கொட்டாவி வருகிறது, மச்சான் விடுவதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் தொடங்கிவிட்டான்.

ஜூலை 22

முதல் வார்த்தை. "வேணாம்." மருத்துவமனையின் உப்பில்லாச் சாப்பாட்டைப் பார்த்து. தட்டைக் கொண்டுவந்த நர்ஸைத் தங்கை கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்த நர்ஸ் பயந்துவிட்டார்.

ஆகஸ்ட் 18

எது வேலை செய்தது? தங்கை ஊசி என்கிறாள். டீச்சர் பயிற்சி என்கிறார். டாக்டரம்மா வழக்கம்போல, "தெரியாது. இன்னும் நிறைய பேரைப் பார்த்தாதான் சொல்ல முடியும்." மச்சானையே கேட்டேன். தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான். திமிர் முழுசாகத் திரும்பிவிட்டது.

செப்டம்பர் 12

இருபது கேள்வி. நான் வெளியே, வராந்தா பெஞ்சில். உள்ளே எட்டிப் பார்த்துவிடுவேன் என்று தங்கை கதவுக் கண்ணாடியில் துண்டைத் தொங்கவிட்டிருந்தாள். நாற்பது நிமிடம். என் பள்ளிக்கூடப் பரீட்சைக்குக்கூட இப்படி வேர்த்ததில்லை.

கதவு திறந்தது. மச்சான் வாக்கரைத் தள்ளிக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து, தானே வந்தான். பின்னால் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எத்தனை மச்சான்?"

நின்றான். உதடு கூடியது, பிரிந்தது, மறுபடி கூடியது.

"பதி... னாலு."

சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ள முடியுமா? "என்னடா இது, மே மாசம் இருபது வாங்கின, இப்ப பதினாலுங்கற?" என்றேன்.

மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அவசரப்படவில்லை.

"அது... உன்... மார்க்கு."