சிவந்த பாத்தி

அன்பு மச்சானுக்கு, ஸலாம்.

ஃபோனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

இன்று காலை மரக்காணம் உப்பளத்துக்குப் போனேன். உப்பு முற்றும்போது பாத்தித் தண்ணீரைச் சிவக்க வைக்கும் பாசியைத்தானே பத்தொன்பது வருடமாக ஆராய்கிறேன்! வரப்பு வரப்பாக நடந்தும் சிவந்த பாத்தியைக் காணோம். உப்பு வாரிக்கொண்டிருந்த அமராவதி சிரித்துவிட்டாள்.

"இன்னா டீச்சர், செவந்த பாத்தி பக்கத்துலயே நின்னுக்கினு எங்க தேடுறீங்க?"

வெயில் கூசுகிறது என்றேன். தண்ணீரை எடுத்து வந்து மைக்ரோஸ்கோப்பில் மூன்று தரம் பார்த்தேன். பாசி இருக்கிறது. ஆனால் என் கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத்தான் தெரிகிறது.

திங்கட்கிழமை பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், சும்மாதான்.

பெருநாளுக்குப் புடவை எடுப்பீர்களே, எப்போதும் எடுக்கும் சிவப்பு இந்தத் தரம் வேண்டாம்.

உங்கள் பாசிக்காரி