கொக்கி எண் 214

நவம்பர் 8, 2011, செவ்வாய்

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், ஜெனோன் வந்தார். என் வீட்டுக்காரர் அலோய்சோடு ஒரே ஷிப்டில் நிலக்கரி வெட்டியவர். சுரங்கத்தை மூடி, போலந்தின் பாரம்பரியச் சின்னம் என்று பலகை மாட்டிவிட்டார்கள். இப்போது ஜெனோன் வருகிறவர்களுக்கு அதையே சுற்றிக் காட்டுகிறார்.

"அண்ணி, உடை மாத்துற கூடத்துக்கு வெள்ளையடிக்கணும். அலோய்ஸ் துணிய இறக்கியாகணும்."

துணியைச் சங்கிலிக் கொக்கியில் மாட்டி, கூரைக்கு ஏற்றிப் பூட்டிவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே இறங்குவார்கள். மேலே வராதவன் துணியை யாரும் தொடமாட்டார்கள். ஏழாம் மட்டம் இடிந்து இருபத்திரண்டு வருடம். அலோய்ஸ் உடலை எடுக்கவே முடியவில்லை.

வழக்கத்தை மீற முடியாது என்றேன்.

நவம்பர் 9

என் நோட்டிலேயே எதற்குப் பொய்? வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது! எனக்குப் பயம்.

அன்று காலை சண்டை. "போய்த் தொலைங்க, திரும்பியே வராதீங்க"ன்னு கத்தினேன். அவர் பூட்ஸ் கட்டுவதற்குள் மனசு கேட்கவில்லை. 'கோபத்துல சொல்லிட்டேன், சீக்கிரம் வாங்க' என்று எழுதி, நாலாக மடித்து, நீல நூலால் கட்டினேன். ரொட்டி டப்பாவில் வைத்திருந்தால் அவரோடு கீழே போயிருக்கும். நான் கோட்டுப் பையில் செருகினேன்! சுரங்கக்காரன் பெண்டாட்டி செய்கிற காரியமா இது?

கோட்டை மாட்டும்போது கையில் தட்டுப்பட்டிருக்கும், படித்திருப்பார். துணி மேலே தொங்குகிறவரை அப்படி நினைத்துக்கொள்ளலாம் —

நவம்பர் 20

சுரங்க வாசலைத் தவிர்த்து, சுற்றிப் போய் ரொட்டி வாங்கினேன்.

நவம்பர் 27, ஞாயிறு

கத்தோவித்ஸேயிலிருந்து மகள் போக்னா பேசினாள். "அம்மா, அன்னிக்குச் சண்டை என்னாலதானே? பனிச்சறுக்கு பூட்ஸ் வேணும்னு நான்தானே அடம்பிடிச்சேன்? நீ கோட்டுல செருகினதப் பார்த்தேனே, அந்தச் சீட்டையாவது அப்பா படிச்சாரான்னு தெரிஞ்சா போதும்மா."

ஒன்பது வயதிலிருந்தா இதைச் சுமக்கிறாள்? எனக்குத் தோன்றவே இல்லையே, பாவி!

ஜெனோனிடம் சரி என்றேன்.

டிசம்பர் 2, வெள்ளி

பூட்டை அறுத்தார்கள். சாவி அலோய்ஸ் கழுத்தில், அங்கே கீழே. சங்கிலி கிறீச்சிட்டு இறங்கியது. கோட்டுப் பையில் கை விட்டேன்.

நாலு மடிப்பு. நீல நூல். நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

திரும்பியே வராதீங்க. அதைக் கேட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். ஐயோ, அதை மட்டும்தான்.

டிசம்பர் 4, சுரங்கக்காரர்களின் காவல் புனிதை பார்பரா திருநாள்

காலையில் முடிச்சை அவிழ்த்தேன். இறுகிப்போயிருந்தது, பல்லால் கடிக்கவேண்டியிருந்தது. நூலை அடுப்பில் போட்டேன்.

பதினோரு மணிக்கு போக்னா வந்தாள். தெருவில் பாண்டு வாத்தியம். "இந்தா, பிரிச்சுதான் இருந்துச்சு. படிச்சிருக்கார்டி" என்று சீட்டை நீட்டினேன். என் மடியில் முகம் புதைத்து அழுதாள். பிறகு இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

எனக்குத்தான் ஒரு வாய்கூட இறங்கவில்லை.