கத்தி நிற்கிற இடம்

போன வாரம் தி. நகரில் ஒரு பல் மருத்துவரிடம் போயிருந்தேன். உன் பாட்டைப் போட்டுத்தான் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள்.

தாடை மரத்து, வாயைப் பிளந்துகொண்டு சாய்வு நாற்காலியில் கிடக்கிறேன். மேலேயிருந்து முதலில் அந்தக் கனத்த பேஸ் ஒலி வருகிறது. பின்னாலேயே டக், டக் என்று உன் தாளம். அதற்கும் பின்னால் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து வருகிற மாதிரி என் குரல். வாய்க்குள் இடுக்கியை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல? உதவிக்கு நின்ற பெண் என் தோளைத் தட்டினாள். "பயப்படாதீங்க மேடம். இந்த மியூசிக்க கேட்டுட்டே கண்ண மூடிக்கோங்க. எங்க பேஷண்ட்ஸ் எல்லாருக்கும் இது ரொம்ப அமைதியா இருக்காம்."

அமைதி! நீ இருந்திருந்தால் அந்த நாற்காலியையே புரட்டிப் போட்டிருப்பாய். இல்லை, நீ சிரித்திருப்பாய்; புரட்டிப் போடுகிற ஆள் நான்தான். பஞ்சைக் கடித்துக்கொண்டு, வாயில் ரத்தமும் வயிற்றில் எரிச்சலுமாக வெளியே வந்தேன். ஆட்டோக்காரரிடம் மந்தைவெளி என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. கையைக் காட்டிக் காட்டியே வீடு வந்து சேர்ந்தேன்.

நீ இருந்தபோது 'ஈரச் சாக்கு' ஆல்பத்தை யார் சீண்டினார்கள்? டிரிப் ஹாப் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் நீ ஒரே பதில்தான் வைத்திருந்தாய். "டிரம்ஸுக்குத் தூக்கம் வந்தா எப்டி வாசிக்கும், அது." சிரித்துவிட்டுப் போவார்கள், கேட்க மாட்டார்கள். காய்ச்சல் என்று படுத்தவன் நீ, எழுந்திருக்காமலே போனாய். அதற்குப் பிறகுதான் அது ஊருக்குள் இறங்கியது. அடையாறு காபிக் கடைகளில் ஓடுகிறது. யோகா வகுப்பில் ஓடுகிறது. என் அக்கா தன் பேத்தியைத் தூங்கவைக்க அதைத்தான் போடுகிறாள். கேட்டவர்கள் இணையத்தில் பாட்டுக்குக் கீழே எழுதுவதை நீ படிக்க வேண்டும். "மனசு லேசாகிவிட்டது" என்கிறார் ஒருவர். "ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் எனக்கு இதுதான் மருந்து" என்கிறார் இன்னொருவர். கடைசிப் பாட்டைப் பற்றி ஒரு அம்மாள் உருகி உருகி எழுதியிருக்கிறார்: "பின்னால் ஆழத்திலிருந்து வருகிறதே ஒரு முனகல், அது திமிங்கலத்தின் குரல்தானே?"

திமிங்கலமாம். உன் அம்மாடா அது!

பட்டினப்பாக்கத்தில் உன் அம்மா மீன் வெட்டுகிற இடத்திலிருந்து கட்டையையும் கூடையையும் எடுக்கச் சொல்லி கார்ப்பரேஷன் ஆட்கள் வந்த காலை எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. ஆல்பத்துக்குச் சத்தம் பிடிக்க நாம் இருவரும் அங்கே போயிருந்தோம். உன் அம்மா கத்தியைக் கீழே வைக்கவே இல்லை. வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே கத்தினார். "எங்கனா போன்னு சொல்றியே, மீனு இந்தக் கரைக்குதான வருது, உன் வூட்டு வாசலுக்கா வருது?" நான் பயந்துபோய் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீ ரெக்கார்டரை நீட்டியபடி நின்றாய். அந்தக் கத்தல்தான் வேகம் குறைந்து, கனத்து, திமிங்கலமாகிவிட்டது. அந்தக் கத்தி கட்டையில் விழுந்த சத்தம்தான் ஆல்பம் முழுக்க வருகிற டக், டக்.

என் குரல் மட்டும் என்ன வாழ்ந்தது? வேளச்சேரியில் உன் மாடி அறை. கீழ்வீட்டுச் சுவரில் மழைத் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருக்கும். அதைத் தாண்டி மேலே ஏறி வந்தால், மெத்தையும் ரஜாயும் அடைத்த துணி அலமாரிக்குள் என்னை நிறுத்துவாய். அதுதான் நம் ஸ்டூடியோ. நான் பகலெல்லாம் சீரியல்களுக்கு டப்பிங் பேசிவிட்டுத் தொண்டை கட்டி வந்திருப்பேன். மைக்கைத் திறப்பதற்கு முன்னால் நீ வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பாய். "மச்சி, அந்த மாமியார் குரல்ல பாடாத. கேக்கறவன் ஓடிடுவான்." "உனக்கு எப்பவாச்சும் சுருதி சேந்துக்கீதா, சும்மா கேக்கறேன்." எனக்குச் சுள்ளென்று ஏறும். அந்த ஆத்திரத்திலேயே வரிகளைக் கடகடவென்று கத்தித் தள்ளுவேன். நீ அதை எடுத்துப் பாதி வேகத்தில் ஓட்டுவாய். எதிரே யாரோ கதவை ஒருக்களித்துக்கொண்டு மெல்லப் பேசுகிற மாதிரி ஒரு குரல் வரும். அது என் குரல் என்றே நம்ப முடியாது.

"கோவத்த மெதுவா ஓட்டினா ஜனம் அத அமைதின்னு நெனச்சிக்கும் மச்சி. நல்லா உள்ள வந்து குந்தட்டும். அப்பால பாத்துக்கலாம்" என்பாய். அப்பால என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் பல்லைக் காட்டுவாய்.

எனக்கு அந்த 'அப்பால'தான் வேண்டியிருந்தது. எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்தாகிவிட்டது. உட்கார்ந்தவர்கள் தூங்கிவிட்டார்கள். நீ எங்கேயடா போனாய்?

பல் பிடுங்கிய வீக்கம் வடிவதற்குள் ஒரு போன் வந்தது. தூக்கத்துக்கென்றே பாட்டுகளைத் தொகுத்துப் போடுகிற நிறுவனமாம். பேசிய பையன் குரலே தாலாட்டு மாதிரி இருந்தது. "ரொம்ப பியூட்டிஃபுல் ஆல்பம் மேம். லாஸ்ட் ட்ராக்ல மட்டும் அந்த டக் டக் கொஞ்சம் ஷார்ப்பா இருக்கு. அதுவும் கடைசியில பட்டுன்னு நிக்குது. தூங்கறவங்க முழிச்சிக்கறாங்கன்னு கம்ப்ளெயிண்ட் மேம். அந்தச் சத்தத்த எடுத்துட்டு ஸ்மூத்தா முடிச்சிடலாமா? நீங்களும் அவங்க அம்மாவும் சரின்னா போதும்." கத்தியை எடுத்துவிட்டால் உன் ஆல்பத்தில் மிச்சம் என்ன இருக்கிறது என்று கத்தினேன். அவன் "டேக் யுவர் டைம் மேம்" என்றான். கத்துவது நானாக இருந்தாலும் அவனுக்கு அமைதியாகத்தான் கேட்டது போலிருக்கிறது.

உன் அம்மாவிடம் ஒரு 'முடியாது' வாங்கிவிட வேண்டும் என்றுதான் போனேன். வியாபாரம் முடிந்த மத்தியான நேரம். கட்டையைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். முகம் வற்றிக் கிடந்தது. நீ போனதிலிருந்து ராத்திரியும் இல்லை, பகலும் இல்லை, கண் மூட முடியவில்லை என்றார். விஷயத்தைச் சொன்னேன். "எம் புள்ள போட்டத நான் ஒயுங்கா கேட்டதே இல்ல கண்ணு. ஒரு வாட்டி போடு" என்றார். கடைசிப் பாட்டைப் போட்டு ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டினேன். சத்தத்தைக் கூட்டி வைத்ததால் வெளியிலும் லேசாகக் கேட்டது. உன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தன் கத்தலைத் தானே கேட்டு ஆவேசமாக எழுந்திருப்பார், அந்தப் பையனுக்குப் போன் போடு என்பார் என்று காத்திருந்தேன்.

சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து, தூங்கிப் போனார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பல் மருத்துவரிடம் இருந்த பெண்ணை மன்னித்துவிடலாம். திமிங்கல அம்மாளைக்கூட மன்னித்துவிடலாம். நீயுமா அம்மா என்று உலுக்கி எழுப்பத் தோன்றியது. கையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிவுக்கு வந்தது. கத்தி பட்டென்று நின்றது. உன் அம்மா திடுக்கென்று கண்ணைத் திறந்தார்.

"இன்னாத்துக்கு நிறுத்திட்ட?"

"நான் நிறுத்தலம்மா. பாட்டே அப்படித்தான்."

சுவரில் சாய்ந்திருந்த கட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கைக்கொயந்தைல அவன கூடையில ஈரச் சாக்க போட்டு, அது மேல துணி போட்டு, கட்டை பக்கத்துலயே படுக்க வெச்சிருப்பேன். வெயிலுக்கு ஜில்லுன்னு இருக்கும்ல. நான் வெட்டிக்கினே இருந்தா தூங்குவான். கத்தி நின்னுச்சினா போதும், எய்ந்து ஒரே அய்கை. மீனு தீந்து போனாக்கூட வெறுங்கட்டைல தட்டிக்கினே இருப்பேன். சுத்தி இருக்கறவங்க, இன்னாடி லூசு மாதிரின்னு சிரிப்பாங்க." ஹெட்ஃபோனைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "கத்திய எடுக்க வேணாம்னு சொல்லிடு. அது நிக்கற எடத்தயும் தொட வேணாம்னு சொல்லு. தூங்கறவங்க தூங்கிட்டுப் போறாங்க, அதுல உனக்கு இன்னா காண்டு?"

எனக்கு இன்னா காண்டு? அலமாரிக்குள் என்னை நிறுத்தி, கோபம் கோபம் என்று என்னை நம்பவைத்தாயே, அந்தக் காண்டு. ஈரச் சாக்கு என்று பெயர் வைத்தாய். ஏன் என்று கேட்டபோது, "மீன் நாத்தம் அடிக்கணும்ல மச்சி" என்று மழுப்பினாய். அது உன் தொட்டில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால், ஊரெல்லாம் தூங்குகிறது என்று நான் இத்தனை நாள் தனியாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்க மாட்டேனே. அம்மாவின் கோபத்தையும் தாலாட்டையும் ஒரே கத்தியில் வைத்தவன் நீ. பாதியை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய்.

அந்தப் பையனைக் கூப்பிட்டு முடியாது என்றேன். "அந்த இடத்துல எல்லாரும் முழிச்சிப்பாங்களே மேம்" என்றான். "முழிக்கத்தான் தம்பி வெச்சிருக்கு" என்றேன். அப்படியானால் தொகுப்பில் சேர்க்க முடியாது என்றான். சேர்க்க வேண்டாம், போகட்டும்.

கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இன்றைக்கும் யாராவது அமைதி என்று ஆரம்பித்தால் எனக்குச் சுள்ளென்றுதான் வருகிறது. ஆனால் டப்பிங் இல்லாத மத்தியானங்களில் நானும் கடைசிப் பாட்டைப் போட்டுக்கொண்டு படுக்கிறேன். உன் அம்மா கத்துகிறார், நான் கத்துகிறேன், இரண்டும் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கின்றன. கத்தி நிற்கிறது. நான் விழித்துக்கொள்கிறேன். உடனே என் விரல் கட்டில் சட்டத்தில் தட்ட ஆரம்பித்துவிடுகிறது, டக், டக் என்று. நீ எழுந்து அழுதுவிடக் கூடாதே என்று.