2048 என்று தேதி விழுந்த படம்

நோங் சலாட்
புத்த வருஷம் 2568, ஜூன் 9

அன்பு மகள் ரச்சனிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் யாரும் படுக்கையில் இல்லை. தைவானில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேலைக்குப் போய் வருகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடியவில்லை, எண்ணெய் தேய்த்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். மழை இன்னும் பிடிக்கவில்லை, நாற்று முனை கருகுகிறது. போன வாரம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன் என்று அம்மாவிடம் அழுதாயாம். "ஒரு பனமரம், கையகல நெலம், அதுக்குப் போயி வயசான காலத்துல எதுக்குப்பா" என்று நீ கேட்டாய், எனக்குப் பிடிக்கவில்லை, வைத்தேன். போனில் என்னை யாரும் முடிக்க விடுவதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன், முழுவதும் படி.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன். என் அப்பா நிலத்தை எனக்கும் தோங்பாய் அக்காவுக்கும் பிரித்தபோது நடுவில் எல்லைக் கல் ஒன்று நட்டார். 2552இல் ரோடு போட வந்த வண்டி அதைப் பெயர்த்து வாய்க்காலில் தள்ளிவிட்டது. கல் பனைக்கு அந்தப் பக்கம் இருந்தது, அதனால் பனையும் அதைச் சுற்றிய துண்டும் நமக்கு என்று நான் சொன்னேன். இல்லை, பனைக்கும் நம் நெற்குதிருக்கும் நடுவில் இருந்தது, பனை என்னுடையது என்று அக்கா சொன்னாள். அவள் போன பிறகு அவள் மகன் சவெங் அதையே சொல்கிறான். இப்போது ஊர் முழுக்க அளந்து புதுப் பத்திரம் கொடுக்கிறார்கள். இந்த முறை எழுதிவிட்டால் அவ்வளவுதான், என் காலத்துக்குள் மாறாது. அப்போதுதான் அந்தப் பழைய கேமராவில், கல் பிடுங்கப்படுவதற்கு முன்னால் பனையடியில் நீ எடுத்த படம் ஒன்று இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது.

கேமராவின் திரை தீப்பெட்டி அளவு, அதிலும் பாதி கறுத்துவிட்டது. நீ அனுப்பிய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாம் என்று கேபிளைச் செருகினேன். டொக்கென்று ஒரு சத்தம், பிறகு இது என்ன சாமான் என்று தெரியவில்லை என்று எழுதிக் காட்டியது. கேமராவோடு வந்த சிடியைப் பத்திரமாக வைத்திருந்தேன், எடுத்து வந்து பார்த்தால் உன் கம்ப்யூட்டரில் நான்கு பக்கமும் சிடி போட வாயே இல்லை. மெமரி கார்டைப் பிடுங்கிச் செருகலாம் என்றால் அது அகலம், ஓட்டை குறுகல். சந்தையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பிரனோமிடம் கொண்டுபோனேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இத மியூசியத்துல குடுத்தா மாலை போடுவாங்க, எங்கிட்ட எதுக்குக் கொண்டாந்தீங்க" என்று சிரித்தாள். டவுனுக்கு அனுப்புகிறேன் என்றாள், நான் கொடுக்கவில்லை. நாற்பது வருஷம் யாரும் சொல்லித் தராமல் ரேடியோ பழுது பார்த்தவன் நான். வீட்டுக்கு வந்து நான்கு நாள் உட்கார்ந்தேன். கேபிளைச் செருகியதும் கேமரா செத்துப்போகும், பழைய பேட்டரிக்கு இழுக்கத் தெம்பில்லை என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆனது. புது பேட்டரி போட்ட பிறகும் அதே டொக். "பொண்டாட்டியோட நடத்தாத குடும்பத்த இதோட நடத்துறீங்க, சோத்தத் தின்னுட்டாவது நடத்துங்க" என்றாள் உன் அம்மா. ஐந்தாம் நாள், கறுக்காத பாதித் திரையில் ஒவ்வொரு வரியாக ஏறி இறங்கிப் பார்த்தபோது, கேபிள் போட்டால் பிரிண்டரோடு பேசவா கம்ப்யூட்டரோடு பேசவா என்று ஒரு இடம் இருந்தது. கோயில் திருவிழாவில் நான் படம் எடுத்து அங்கேயே அச்சடித்துக் கொடுத்தபோது பிரிண்டர் என்று வைத்தது, இத்தனை வருஷமும் அப்படியே கிடந்திருக்கிறது. மாற்றினேன், சிடியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கம்ப்யூட்டர் உடனே வாயைத் திறந்தது. யாரும் எனக்கு உதவவில்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

படங்களை அது வருஷ வாரியாக அடுக்கியது. நம் 2548, வெள்ளைக்காரன் கணக்கில் 2005. அங்கே போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. அழிந்துவிட்டது என்று நினைத்து அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. மறுநாள்தான் பார்க்கிறேன், எல்லாவற்றுக்கும் மேலே 2048 என்று ஒரு கட்டு நிற்கிறது. கேமரா வாங்கிய அன்று வருஷம் வைக்கும்போது 2548 வரவே இல்லை, 2099 போய்த் திரும்ப 2000க்கு வந்தது, சரி கடைசி இரண்டு எண்ணாவது சரியாக இருக்கட்டும் என்று நான் 48இல் நிறுத்தினேன். "அப்பா, அதுக்கு வெள்ளக்காரன் வருஷம்தான் போடணும், சைபர் அஞ்சு" என்று நீ சொன்னாய். நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று உன்னை அதட்டினேன். 48 என்றால் எந்த வருஷம் என்று இந்த நாட்டில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

பிரனோம் கடையில் சின்ன அளவில் அச்சடித்துக்கொண்டு போன வியாழக்கிழமை விசாரணைக்குப் போனேன். அளக்க வந்திருந்த அதிகாரி உன் வயதுப் பெண். படத்தை வாங்கினாள், ஓரத்தில் இருந்த தேதியைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு, "தாத்தா, இந்தப் படத்த இன்னும் எடுக்கவே இல்லியே" என்றாள். சவெங் எட்டிப் பார்த்தான். "மாமா, இன்னும் இருவத்திமூணு வருசம் பொறுத்துக்கங்க, படத்த எடுத்துட்டுச் சாவகாசமா வாங்க, நான் எங்கயும் போகல" என்றான். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். தேதி ஏன் அப்படி என்று நான் சொல்லச் சொல்ல இன்னும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் பிறகு, "எனக்குப் புரியுது தாத்தா, ஆனா எதிர்த்தரப்பு ஒத்துக்கல, படம் பழசுன்னு ஏதாவது ஒண்ணு காட்டுங்க" என்று இருபதாம் தேதி வரை நேரம் கொடுத்தாள். நான் வணக்கம் சொல்லாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து படத்தைத் திரை கொள்ளும் மட்டும் பெரிதாக்கினேன். பனையில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருப்பது தோங்பாய் அக்கா. அவள் 2554இல் செத்தாள். செத்தவள் எப்படி இருபத்திமூன்று வருஷம் கழித்து வந்து பனையடியில் உட்காருவாள், இதைவிட என்ன வேண்டும் என்று நான் தொடையில் தட்டினேன், உன் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் என் பின்னால் நின்று நெடுநேரம் பார்த்தாள். "உங்கக்கா காலு எங்க இருக்குன்னு பாத்தீங்களா" என்றாள், உள்ளே போய் அரிசி ஊறப் போட ஆரம்பித்துவிட்டாள். படத்தை இறக்கி அக்காவின் பாதத்துக்குக் கொண்டுவந்தேன். பாதத்துக்கு முன்னால் கல் இருக்கிறது. கல்லுக்கு இடது பக்கம் நம் நெற்குதிர், வலது பக்கம் பனை.

புதுக் கம்ப்யூட்டர் பழைய கேமராவின் படத்தை இடம் வலமாகப் புரட்டிப் போட்டிருக்கும் என்று நினைத்தேன். அப்படி நடப்பதுண்டு, கண்ணாடியில் பார்ப்பது போல. மறுநாள் காலையில் வேறு கேபிள் வாங்கி வந்து, எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினேன். அதே படம். குதிரின் மேல் சாய்த்திருந்த உர மூட்டையில் எழுத்து இருந்தது. பெரிதாக்கினேன். எழுத்து நேராக இருந்தது, ஒரு எழுத்துகூடத் திரும்பவில்லை. மூன்று முறை படித்தேன். புரட்டிப் போட்டிருந்தாலும் அக்கா சொன்னபடி கல் நடுவில்தான் நிற்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

அக்காவை எரித்தபோது நான் போகவில்லை, உனக்குத் தெரியும். மூன்று நாளும் கோயில் ஒலிபெருக்கி நம் வீடு வரைக்கும் கேட்டது, நான் யாருடையதோ ஒரு ரேடியோவைப் பிரித்துப் போட்டுச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படத்தில் அவள் சிரிக்கிறாள், வாயில் சோறு இருக்கிறது, கை உன்னை, படம் எடுக்காதே என்று தடுக்கிறது.

இருபதாம் தேதி அதே படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் கொடுப்பேன். சவெங்கிடம் பேசமாட்டேன், அவன் சிரித்ததற்கு மன்னிப்பும் இல்லை. பனை அவனுக்குப் போகட்டும். இதில் நீ எனக்குப் புத்தி சொல்லாதே, ஆறுதலும் சொல்லாதே. ஒன்பதாம் மாத அமாவாசைக்குச் செத்தவர்களுக்கு இலைப் பொட்டலம் கட்டி மண்ணில் வைப்போம் அல்லவா, இந்த வருஷம் அக்காவுக்கும் ஒன்று கட்டு என்று அம்மாவிடம் சொன்னேன். பதினான்கு வருஷத்தில் இந்த வீட்டிலிருந்து அவளுக்கு ஒரு பிடி சோறு போனதில்லை. எங்கே வைப்பது என்று கேட்டாள். பனையடியில் என்றேன். "அது இனிமே சவெங் நெலம், அவன்கிட்ட யாரு போயிக் கேக்குறது" என்றாள்.

வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ, ஓவர்டைம் என்று சாப்பாட்டைத் தள்ளாதே. அமாவாசை ஆகஸ்டில் வருகிறது, அன்று உன் அத்தையை நினைத்து அங்கே எங்காவது மண்ணில் ஒரு பிடி வை. கும்பிட்ட சாமியெல்லாம் உனக்குத் துணையிருக்கட்டும், கை கால் சுகத்தோடு நீண்ட ஆயுசாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா
பிரயூன்