நான் அழித்த ரிவர்ஸ் கிக்குகள்

இன்று காலை சூலியா தெருவில் தேத்தண்ணீர் வாங்க நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து, இரண்டு காதுக்கும் பின்னால் தேய்த்துக்கொண்டார். ஜாதிக்காய் எண்ணெய். பினாங்கில் பிறந்தவளுக்கு அந்த வாசம் புதிதா என்ன? வயிற்று வலியோ தலைவலியோ, நம் வீடுகளில் முதலில் அதைத்தானே தேடுவோம். ஆனால் காதுக்குப் பின்னால் தேய்க்கிற ஆளை உன்னைத் தவிர நான் பார்த்ததில்லை. தேத்தண்ணீர் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். உனக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ என்னைவிட எட்டு மாதம்தான் இளையவன். அதற்கே முதல் நாளிலிருந்து "அக்கா, அக்கா" என்று என்னைக் கிழவியாக்கிவிட்டாய். அக்கரையில் ஜுருவில் வேலை முடிந்து, உருமியைத் தோளில் மாட்டிக்கொண்டு பாலம் கடந்து வருவாய். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் டத்தோ கிராமாட்டில் என் மாடி அறைதான் நமக்கு ஸ்டூடியோ. நான் கணினியில் தாளமும் இசையும் செய்வேன். அதன்மேல் நீ உருமி வாசிப்பாய். கல்யாண விருந்துகளில் ஏழு வருடம் அப்படி ஓடியது. மடிக்கணினியோடு ஒரு பெண்ணும் உருமியோடு ஒரு ஆணும் மேடையேறினால் முதலில் சிரிப்பார்கள், பிறகு எழுந்து ஆடுவார்கள்.

அந்த ரிவர்ஸ் கிக்கைக் கேட்டு வாங்கியது நீதான். கிக் என்பது தாளத்தின் அடியில் 'தும்ம்ம்' என்று விழுந்து தேய்கிற பெரிய அடி. ஒருநாள் விளையாட்டாக அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டேன். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து 'ம்ம்ம்' என்று பெருகி வந்து, அடி விழ வேண்டிய இடத்தில் டக்கென்று நின்றது. நீ துள்ளி எழுந்துவிட்டாய்.

"அக்கா, இதான் வேணும். நான் உள்ள வர்ற எடத்துக்கு முன்னாடி இத வைங்க லா."

"எல்லா பாட்டுக்குமா?"

"எல்லாத்துக்கும்."

வைத்தேன். ஒரு பாட்டில் ஐந்து, இன்னொன்றில் ஏழு. வாசிக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலைப் பேஸ் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்துக்கொள்வாய். மேளக்காரர்கள் வெறுங்காலோடு வாசிப்பது வழக்கம்தானே, அதில் யாருக்கு என்ன தோன்றப் போகிறது? எனக்கு அந்த ரிவர்ஸ் கிக்கில்தான் எரிச்சல். "என்னடா, கெரேத்தாவ ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி நம்ம பாட்டெல்லாம் பின்னாலயே போகுது?" என்று காரைச் சொல்லிக் கிண்டல் செய்வேன். நீ பாதி நேரம் "என்னக்கா?" என்று திருப்பிக் கேட்பாய், அப்புறம் சிரிப்பாய். எப்போது பார்த்தாலும் எனக்கு இடப்பக்கம்தான் உட்காருவாய். அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தால் நின்றுகொண்டே இருப்பாய். பெரிய மனுசன் பந்தா என்று நினைத்தேன். என் மரமண்டைக்கு அவ்வளவுதான் எட்டியது.

பிறகு கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்தார். பெரிய இடத்துக்கெல்லாம் பாட்டு செய்கிறவர். நம் பாட்டுகளைக் கேட்டுவிட்டு, "நல்லாதான் இருக்கு. ஆனா இந்த ரிவர்ஸ் கிக்க எத்தன தடவதான் போடுவீங்க? பழைய ஸ்டைல்" என்றார். அவ்வளவுதான். எனக்கு மானமே போய்விட்டது. அந்தச் சனிக்கிழமை பிறை டவுனில் ஒரு கல்யாண விருந்து இருந்தது. அன்று காலை உட்கார்ந்து ஆறு பாட்டுகளிலிருந்தும் அத்தனை ரிவர்ஸ் கிக்கையும் அழித்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழித்துவிட்டுத் திரும்பக் கேட்டபோது வீட்டைக் கூட்டித் துடைத்த மாதிரி இருந்தது. அவ்வளவு திருப்தி எனக்கு.

மேடையில் முதல் பாட்டு. இசை நின்று ஒரு மௌனம், அதற்கடுத்த அடியில் நீ நுழைய வேண்டும். அடி விழுந்தது. நீ நுழையவில்லை. காலைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாய். ஒரு சுற்று தாண்டி, தாளத்துக்கு வெளியே எங்கேயோ வந்து விழுந்தாய். இரண்டாம் பாட்டிலும் அதே கதி. முன்வரிசையில் சிரித்தார்கள். ஒருவன் கைத்தொலைபேசியைத் தூக்கிப் படம் பிடித்தான். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்ட பிள்ளையின் முகம் அது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில், கல்யாணப் பெண்ணின் சித்தப்பாவும், விருந்துக்கு வந்திருந்த உன் பழைய மேளக் குழுத் தலைவரும் நிற்கும்போதே கத்தினேன். "குடிச்சிட்டு வந்தியா?"

நீ என் வாயையே பார்த்தாய். "ஆமாக்கா, கொஞ்சம்" என்றாய்.

வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவன் நீ. அது எனக்குத் தெரியும். ஏழு வருடமாகக் கல்யாண வீடுகளில் யாராவது கிளாஸை நீட்டினால் ஆரஞ்சு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தவனை நான்தானே பக்கத்தில் நின்று பார்த்தேன்! ஆனாலும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. "இனிமே நானே பாத்துக்கறேன், நீ வர வேணாம்" என்றேன். நீ உருமியைத் துணியில் சுற்றிக்கொண்டு போனாய். குடித்துவிட்டு மேடையேறுகிறவன் என்று பேர் பரவியது. அதற்குப் பிறகு எந்தக் குழுவும் உன்னைக் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டும் சும்மா இருந்தேன்.

மூன்று வருடம். அப்புறம் ஒருநாள் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை என்று செய்தி வந்தது.

பதினாறாம் நாள் உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி மாலதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். அவருக்கு எடது காது சுத்தமா போய் பத்து வருஷம் ஆச்சு. வலதும் கொறஞ்சிகிட்டே வந்துச்சு. எந்நேரமும் எறைச்சல்னு எண்ணெய தேச்சுகிட்டே இருப்பாரு. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. காது கேக்காத மேளக்காரன யாரு கூப்பிடுவான்னு கேப்பாரு. நீங்க அந்த ரிவர்ஸ் கிக்க வச்சுக் குடுத்ததாலதான் இத்தன வருஷம் வாசிச்சாரு. அடி வர்றதுக்கு முன்னாடியே காலுல தெரிஞ்சிடும்னு சொல்லுவாரு. அக்கா எனக்காகத்தான் வைக்கிறாங்கன்னு அவ்ளோ பெருமை."

"அந்தப் பிறை கல்யாணத்தப் பத்தி என்ன சொன்னான்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பேஸ் பெட்டி கெட்டுப்போச்சாம். அக்கா மேல தப்பில்லன்னு சொன்னாரு."

பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையடா. நீ அதைச் சரியாகத்தான் மிதித்துக்கொண்டிருந்தாய். வர வேண்டியதை நான்தான் அழித்திருந்தேன். ஆனால் அன்று அவள் சொன்ன நன்றியை வாங்கிக்கொண்டு, அவள் ஊற்றிய காப்பியையும் குடித்துவிட்டு வந்தேன். வெட்கம் கெட்டவள்.

அதற்குப் பிறகு தூக்கம் ஏது? போன ஞாயிற்றுக்கிழமை உன் பழைய குழு பயிற்சி செய்யும் இடத்துக்குப் போனேன். எல்லாரும் வாசிப்பை நிறுத்தும்வரை நின்று, "அவன் அன்னிக்குக் குடிக்கல. அவனுக்குக் காது கேக்கல. அவன் நம்பி நின்ன சத்தத்த நான் எடுத்துட்டேன்" என்றேன். தலைவர் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார். "அப்புறம் ஏன்மா குடிச்சேன்னு சொன்னான்?" என்று கேட்டார். குடிகாரன் என்றால் நாளைக்குத் திருந்திவிட்டான் என்று மறுபடி கூப்பிடுவார்கள், செவிடன் என்றால் யார் கூப்பிடுவார்கள் என்று நீ கணக்குப் போட்டிருப்பாய். அதை அவரிடம் சொன்னேன். அவர் அழுதுவிட்டார்.

அங்கிருந்து நேராக மாலதியிடம் போனேன். முழுவதும் சொன்னேன், கார் நிறுத்துமிடத்தில் நான் கத்தியது உட்பட. அவள் திட்டவில்லை. உன் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கடைசி வரைக்கும் உங்கள விட்டுக் கொடுக்கலக்கா அவரு" என்றாள். நான் எழுந்தேன். வாசல்வரை வந்தாள். போகிறவர்களிடம் "போயிட்டு வாங்க" என்று சொல்லாத வீடு நம்மில் உண்டா? அவள் "போங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அவள் செய்தது சரி. எனக்கு அவள் மேல் கோபமில்லை. ஆனால் உன்னை எனக்குத் தெரியும். வாசலில் நீ நின்றிருந்தால், எல்லாம் கேட்ட பிறகும், "போயிட்டு வாங்கக்கா" என்றுதான் சொல்லியிருப்பாய். அதைத்தான் தாங்க முடியவில்லை.