விபூதிப் புதனில் கெட்ட தட்டு

மரியே வாழ்க

ராயபுரம்,
1-4-1973

அன்புள்ள அத்தானுக்கு,

டோரதி எழுதுவது. அத்தைக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. உங்கள் இருமல் விட்டதா? பம்பாயில் துறைமுகக் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, ஈஸ்டருக்குள் வந்து சேர் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் சந்தோஷத்தில் அழுதேன். பதில் எழுதத்தான் கை வரவில்லை. கோபிக்காதீர்கள்.

திருவொற்றியூர் கம்பெனியில் டிரான்சிஸ்டர் பிரிவுக்கு நம் பக்கத்துப் பெண்களையே பழக்கலாம் என்று இன்ஜினீயர் கிருஷ்ணப்பனிடம் மல்லுக்கு நின்றவள் நான். பெங்களூருக்குப் போய்க் கற்று வந்ததை இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி, கடுகைவிடச் சின்னச் சில்லில் தலைமயிரைவிட மெல்லிய கம்பியை ஒட்ட வேண்டும். தூசி பட்டால் போச்சு. பூவும் பவுடரும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். விபூதிப் புதன் மட்டும் என் மரமண்டைக்கு எட்டவில்லை!

அன்று காலைப் பூசை முடித்து, நெற்றியில் சாம்பலோடு வந்து உட்கார்ந்துவிட்டோம். நானும்தான். சாமியார் பூசியதை யார் துடைப்பார்கள்? குனிந்து வேலை செய்ததில் சாம்பல் உதிர்ந்து, தட்டிலிருந்த சில்லு அத்தனையும் பாழ். கிருஷ்ணப்பன் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. பெங்களூர்ப் பெண்களையே வரவழைத்துக்கொள்கிறேன், இவர்களை மாசக் கடைசியோடு நிறுத்திவிடு என்றார். இன்னும் ஒரே ஒரு தட்டு கொடுங்கள், அதுவும் கெட்டால் என்னையும் சேர்த்து அனுப்புங்கள் என்றேன்.

நம் தெரு வலைக்கார தாமஸின் மகள் வியாகுலம்மாள், 'இன்னாக்கா, மறுபடியும் மீன்கூடதானா?' என்று ஓவென்று அழுதாள். அவள் பக்கத்து மேஜையில் கம்பி ஒட்டும் காசிமேட்டுப் பச்சையம்மா அவளை ஓர் அதட்டு அதட்டினாள்: 'அய்துகினு கீறியே, அய்தா வேலை வந்துடுமா? என் நெத்தி துன்னூற நானும் தினம் தொட்ச்சினுதான் உள்ள வரேன். பழைய வெள்ளப் பொடவ எதுனா எட்த்துகினு வா!' புருவம் வரைக்கும் இறங்குகிற மாதிரி எல்லோருக்கும் அவளே தலைத்துணி தைத்துவிட்டாள். சாமிக்கும் குறையில்லை, கம்பிக்கும் குறையில்லை.

முந்தாநாள் இரண்டாவது தட்டு சோதனைக்குப் போனது. தேறிவிட்டது, அத்தான்! இவர்களை நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறேன், ஆனால் அடுத்து வரும் பெண்களையும் பழக்க நீ இன்னும் இரண்டு வருஷம் இருக்க வேண்டும், நீ போனால் இந்தப் பேச்சே இல்லை என்று காகிதத்தை நீட்டினார் கிருஷ்ணப்பன். பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உங்களைக் கேட்டு எழுத நேரமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நேரம் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உங்கள் மேல் ஆசை இல்லாமல் இல்லை. சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் உங்களுக்கும் சேர்த்தே தட்டு எடுத்து வைத்துவிடுகிறேன். ஆனாலும் இவர்களைப் பாதியில் விட்டுவிட்டு வந்தால், அங்கே உங்கள் பக்கத்தில் இருப்பவள் நானாக இருக்க மாட்டேன்.

ஈஸ்டருக்கு நான் வரவில்லை. நீங்கள் வாருங்கள். பெரிய வியாழனுக்கு முன்னாலேயே வந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே கம்பெனி கேட்டில் நில்லுங்கள். சாயங்காலச் சங்கு ஊதியதும் நம் தெருப் பெண்கள் சிரித்துக்கொண்டு வெளியே வருவதைப் பாருங்கள். எல்லோருக்கும் கடைசியில் நான் வருவேன். அப்புறம் திட்டுவதானால் திட்டுங்கள். திட்டுவதற்காவது வந்துவிடுங்கள்.

மாதா உங்களைக் கைவிடாமல் காப்பாளாக.

என்றும் உங்கள்,
டோரதி