சாமி வராத ஆல்பம்

சித்திரை, செவ்வாய் இரவு.

எப்போதும்வென்றான் ஊர் அம்மன் கோயில் கொடை விழாவில் இன்று வாசித்தோம். வேனை விட்டு இறங்கியதுமே மைக்செட்காரர், எங்கள் நாதசுரக்கார அண்ணாச்சியின் புது ஆல்பத்தைப் பெருமையாகப் போட்டுவிட்டார். சென்னை ஸ்டுடியோவில் கீபோர்டுக்கு அடங்கி வாசித்தது. அவர்கூடத் தவில் அடிக்கும் எனக்கே அது பிடிக்கவில்லை.

பொங்கல் பானையை இறக்கிய ஒரு அம்மா அண்ணாச்சியிடமே கேட்டாள்: "யாரு வாசிக்கது? இதுக்குச் சாமி வராதே."

"நாந்தாம்மா" என்றார்.

மதியம் நேரில் ஊதினார். அந்த அம்மாவுக்கே சாமி வந்தது. எல்லோரும் குறி கேட்டபோது அண்ணாச்சியும் போய் நின்றார். "ஆத்தா, ஆல்பம் ஓடுமா?"

ஆத்தா ஆட்டத்தை நிறுத்தி அவரைப் பார்த்தாள். திருநீறு பூசிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

திரும்பும்போது வேனில் என்னிடம் கேட்டார்: "நீயாவது சொல்லுலே." தூங்குகிறவனைப்போல் கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது நிஜத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.